கராஜுக்குப் போன நாற்காலி

காலை ஒன்பது நாற்பதுக்கு என் கணவர் கமோட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனார். எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான் என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு அது வீட்டை ஒழுங்குபடுத்துவதாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு ஆள் வரப்போகிறார். நாற்காலிக்குப் பின்னால், மகளைப் படுக்கையிலிருந்து தூக்கும் லிஃப்ட் போயிற்று. குளிக்க வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் போயிற்று. ராத்திரிக்குப் போடும் டயப்பர் பெட்டிகள் போயின. நான் ஊதுபத்தி ஏற்றினேன்.

மகளுக்கு அப்போதுதான் இருபத்தொரு வயது முடிந்திருந்தது. பிறவியிலேயே மூளைவாதம். கால்கள் அவள் சொல்வதைக் கேட்காது, இடது கை விரியாது, வலது கை அதன் மனசு போல. பேச்சு மெதுவாக வரும். யோசனைக்கு அந்தத் தாமதம் கிடையாது. கம்யூனிட்டி காலேஜில் அக்கவுண்டிங் படித்துக்கொண்டிருந்தாள்.

டெக்ஸாஸில் அந்த வயதோடு குழந்தைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம் முடிந்து, பெரியவர்களுக்கான திட்டம் தொடங்குகிறது. பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது ஒரு காப்பீட்டு நிறுவனம். புதிய நிறுவனம் ஒரு நர்ஸை வீட்டுக்கு அனுப்பி, இந்தப் பெண்ணுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆள் துணை வேண்டும் என்று அளக்கும். பழைய திட்டத்தில் காலையில் ஒரு உதவியாளர் வந்து அவளை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார். அந்தக் காலை நேரத்தை நம்பித்தான் அவள் காலேஜுக்குப் போனாள், நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன்.

அன்றைக்கு மட்டும் உதவியாளரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். விருந்தாளி வரும்போது வீட்டில் கூட்டமாக இருக்குமே என்று. நானே குளிப்பாட்டினேன், தலை பின்னினேன், இஸ்திரி போட்ட நீலச் சுடிதாரை மாட்டிவிட்டேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்:

“வாட் இஸ் திஸ், பொண்ணு பாக்கறதா? ஷுட் ஐ சிங்?”

“வாயை மூடிட்டு நேரா உக்காருடி,” என்றேன்.

“நேரா உக்காந்தா அது நான் இல்லையே,” என்றாள், அதை மட்டும் தமிழில்.

நர்ஸ் நல்ல பெண்மணி. ஷூவை வாசலிலேயே கழற்றினார். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். தானே சாப்பிடுவாளா? “ஷி ஈட்ஸ் ஆன் ஹெர் ஓன்,” என்றார் என் கணவர். அது பொய் இல்லை. நான் எல்லாவற்றையும் சின்னத் துண்டுகளாக நறுக்கி, தடித்த பிடி போட்ட ஸ்பூனைக் கையில் பொருத்திவிட்டால் அவளே சாப்பிடுவாள், பாதி கழுத்துத் துண்டில் விழும். உடுத்திக்கொள்வாளா? கொஞ்சம் உதவி செய்தால் போதும். பாத்ரூம்? “நோ ப்ராப்ளம்.” நான் காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தேன். மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் சிரித்துக்கொண்டே, “ஐ மேனேஜ்,” என்றாள்.

இதற்கு ஒரு பழக்கம் காரணம். அவள் பள்ளியில் படித்த வருஷங்களில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறோம். மேஜையைச் சுற்றி டீச்சர்கள், தெரபிஸ்டுகள். அங்கே அவளால் முடியாததைச் சொன்னால் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள். முடிவதைச் சொல்ல வேண்டும், உரக்கச் சொல்ல வேண்டும், நல்ல சட்டை போட்டு அழைத்துப் போக வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவளைக் கணக்கு வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்தோம். அந்த வித்தையைத்தான் என் கணவர் அன்றைக்கும் காட்டினார். அது வேறு வகை மேஜை என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

போகும்போது நர்ஸ், வீடு ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவு போனில் வந்தது. எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த சர்வீஸ் கோஆர்டினேட்டர், அதாவது இந்த உதவிகளையெல்லாம் ஒருங்கிணைக்கிறவர், லேபில் நான் மதியச் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்திருந்தபோது கூப்பிட்டார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் மட்டும் ஆள் வருவார். காலை உதவி தேவை என்பதற்கு மதிப்பீட்டில் எதுவும் இல்லை என்றார். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அப்பீல் பண்ணலாம் என்றும் அவர்தான் சொன்னார். பழைய உதவியாளரை, ஆள் தரும் ஏஜென்சி வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அதற்குப் பின் காலை வேலை என்னுடையது ஆயிற்று. என் கணவர் தூக்குவார். ஆனால் குளியலறைக்குள் அப்பா வருவதை மகள் பன்னிரண்டு வயதிலேயே நிறுத்திவிட்டாள், அதை மீற அவரும் நினைத்ததில்லை. நான் அவள் வேலைகளை முடித்துவிட்டு, எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலை டிராஃபிக்கில் ஊர்ந்து, லேபுக்குத் தினமும் தாமதமாகப் போனேன். சூப்பர்வைசர் முதலில் பரவாயில்லை என்றார். பிறகு பரவாயில்லை என்பதைச் சொல்லாமல் விட்டார். பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டு, பார்ட் டைமாக மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மகள் காலை வகுப்பு ஒன்றைக் கைவிட்டாள்.

ஒரு காலை, அவசரத்தில் லிஃப்டைப் போடாமல் அவளைக் கைகளால் தூக்கினேன். என் தோள் தாங்கவில்லை. இருவரும் குளியலறைத் தரையில் கிடந்தோம், அவள் தலை தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி. ஈரத் தரையில் என்னால் எழுந்திருக்கவும் முடியவில்லை, அவளைப் புரட்டவும் முடியவில்லை. அவளுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என் கணவர் கதவுக்கு வெளியே நின்று, “உள்ள வரலாமா? வரலாமாடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள், “டவல் ஃபர்ஸ்ட்,” என்றாள். நான் எட்டி டவலை இழுத்து அவள்மேல் போட்டேன். அதன் பிறகுதான் அவர் வந்தார். இன்றைக்கும் அந்தத் தொட்டியின் விளிம்பை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது முதுகைக் காட்டி நிற்கிறேன்.

அப்பீல் பண்ணினோம். போனில் காத்திருக்கும் இசை எனக்கு மனப்பாடம். இடையில் கோஆர்டினேட்டர் மாறினார். புதியவரிடம் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் ஒரு நர்ஸ் வந்து பார்ப்பார் என்று முடிவாயிற்று. காலையில், அவள் எழுந்திருக்கும் நேரத்தில் வரச் சொல்லிக் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நம்ம பொண்ணால எதுவும் முடியாதுன்னு நாமளே உக்காந்து சொல்லணுமா? அவ எதிர்லயே?”

“விழுந்ததைச் சொல்லணும்ங்க.”

“இருபது வருஷமா எதுக்கு கஷ்டப்பட்டோம்? போற வர்றவங்ககிட்ட அழறதுக்கா?”

“யூ போத் டோன்ட் ஹேவ் டு ஸே எனிதிங்,” என்றாள் மகள். ஸ்பூனைத் தட்டில் வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “ஐ வில் டாக். அப்பா, நீங்க ஆபீஸ் போங்க. அம்மா, யூ ஸ்டே இன் தி கிச்சன். அண்ட் நோ முறுக்கு.”

நர்ஸ் வந்த காலையில் எதையும் ஒளிக்கவில்லை. லிஃப்ட் ஹாலிலேயே நின்றது. மகள் கலைந்த தலையோடு, இரவு உடுப்போடு படுக்கையில் இருந்தாள். என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பினார், ஆனால் கராஜ் கதவு திறக்கும் சத்தம் வரவில்லை. காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

நான் சமையலறையில் நின்றேன். அடுப்பில் எதுவும் இல்லை. அவள் குரல் மெதுவாக, விட்டுவிட்டு வந்தது. தன்னால் புரண்டு படுக்க முடியாது என்றாள். பாத்ரூம் போனால் தானே துடைத்துக்கொள்ள முடியாது என்றாள். மாதத்தில் அந்த நாட்களில் எத்தனை முறை ஒரு ஆள் வேண்டும் என்றாள். அம்மா தன்னைக் கீழே போட்டதைச் சொல்லவில்லை. “வி ஃபெல்,” என்றாள். சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டபோது, நறுக்கி வைத்தால் சாப்பிடுவேன், ஆனால் வகுப்புக்குப் போகிற நாளில் பாத்ரூமுக்கு உதவ ஆள் கிடையாது, பசியோடு போவது சுலபம், அதனால் சாப்பிடுவதில்லை என்றாள். அது எனக்குத் தெரியாது. இட்லி போட்டுக் கொடுத்த டப்பா காலியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் தட்டச்சு செய்வதை எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

காலை நேரம் திரும்பக் கிடைத்தது. முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே. ஆனால் காகிதத்தில் மணி நேரம் கிடைப்பது வேறு, வாசலில் ஆள் வந்து நிற்பது வேறு. ஏஜென்சி முதலில் அனுப்பியவர் வரவே இல்லை. அடுத்தவர் வந்தார், லிஃப்டைப் பார்த்தார், முதுகு வலி என்று போய்விட்டார். நான் பார்ட் டைம் விண்ணப்பத்தை நிரப்பி, பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, இருட்டு விலகும் முன் ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் பெரிய காபி டம்ளர். நான் கதவைத் திறந்ததும் பேச ஆரம்பித்தேன்: எந்தப் பக்கம் முதலில் புரட்ட வேண்டும், இடது கையை எப்படிப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் எவ்வளவு சூடு. பேசிக்கொண்டே அறை வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். அவர் காபியை ஜன்னலோரம் வைத்தார், கை கழுவினார், என்னைத் தாண்டி மகளைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்:

“குட் மார்னிங். உங்க அம்மா வேலைக்குப் போவாங்களா, இல்ல தினமும் இங்கயே நிப்பாங்களா?”