என் தலையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து

பதினாறு வயதில் அம்மாதான் என்னை லத்தாப் பேட்டையில் ஒரு சலூனுக்குக் கூட்டிப்போனாள். "இந்தப் புதர வச்சுக்கிட்டு ஒனக்கு எங்கயும் வேலை கெடைக்காது" என்றாள். சலூன்காரி முடியை நேராக்கும் மருந்தைத் தடவினாள். ஐந்து நிமிடத்தில் தலை எரிந்தது. அழுதேன். "ஒன்னுது முரட்டு முடி, இன்னும் பத்து நிமிஷம் இருக்கணும்" என்று அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கழுவும்போது காதுக்கு மேலே தோல் உரிந்து வந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. "இப்பத்தான் பர்மாக்காரப் புள்ள மாதிரி இருக்கே" என்று சந்தோஷப்பட்டாள்.

அதன்பின் பதினெட்டு வருடம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்த மருந்து. இடையில் முளைக்கும் சுருட்டையை அமுக்கச் சூட்டு இடுக்கி. ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை எனக்கு. ஊரில் மின்சாரம் முறை வைத்து வந்துபோன காலத்தில், கரண்டு வந்ததும் அரிசிக் குக்கருக்கு முன் இடுக்கியைத்தான் சொருகுவேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இடுக்கி இல்லாமல், நனைந்த தலையோடு வேலைக்குப் போனேன். வேர்ப்பக்கம் முழுக்கச் சுருண்டு நின்றது. பல் பிடுங்க வந்த ஒரு அம்மாள் மகளிடம், "பாரு, கலாமா முடி" என்று சிரித்தாள். கறுத்த இந்தியப் பெண்களை இங்கே பர்மாவில் அப்படித்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து கேட்கும் சொல்தான். அன்று ஏனோ விழுங்க முடியவில்லை.

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். டாக்டரம்மாவை இங்கே ஸயாமா என்போம். "நோயாளிங்க சுத்தத்தைப் பாப்பாங்க. முடியை நேராக்கு, இல்லேன்னா மூடிக்கிட்டு வா" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

"ஸயாமா, என் முடி அழுக்கா இருக்குன்னு சொல்றீங்களா? காலையிலதான் அலசினேன்."

"அழுக்குன்னு சொல்லல. அப்படித் தெரியுது."

அப்படித் தெரியுது! அன்றைக்கே வீட்டுக்குப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்து, நேராக இருந்த முடி முழுவதையும் வெட்டச் சொன்னேன். இரண்டு விரற்கடை அளவுக்குச் சுருட்டை மட்டும் மிஞ்சியது. என் தலை இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஸயாமா மறுநாள் முன்மேசைக்கு வேறொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு, என்னைப் பின்னறையில் பல் பிடுங்கும் இடுக்கிகளையும் ஊசிகளையும் கொதிக்கவைக்க அனுப்பினார். சுத்தமில்லாதவளாகத் தெரிந்த எனக்கு சுத்தம் செய்யும் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் வேறு கதை. என் பெரியப்பா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவதான் சூடு சொரணை உள்ளவ. முடிய நேராக்குறதுங்கல்லாம் தமிழச்சியா பொறந்ததுக்கு வெக்கப்படுறதுங்க." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பக்கத்தில் நின்ற என் தங்கை, இடுப்பு வரை நேராகத் தொங்கிய முடியோடு, அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் நான் என்ன சொன்னேன்? ஆறுதலா? இல்லை. "அவ சொன்னதுல என்ன தப்பு? ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

தங்கைக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். பர்மிய மொழியில் கத்தினாள். "எனக்கு நேரான முடி பிடிச்சிருக்கு. கண்ணாடியில பாத்தா நல்லா இருக்கு. அவ்வளவுதான். ஸயாமா ஒன் தலையில கை வச்சா தப்பு, நீ என் தலையில கை வச்சா நியாயமா?" பிறகு தமிழில் சொன்னாள்: "போக்கா."

அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, பிடிக்கும்படி ஆக்கிவிட்டார்களா என்று அன்று முழுவதும் யோசித்தேன். பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது. அவளுக்குப் பிடித்ததைச் சோதித்துப் பார்க்க நான் யார்? என்னை யாராவது அப்படிச் சோதித்தால் விடுவேனா? மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பழையபடி பேச மூன்று வாரம் ஆயிற்று.

பின்னறையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நானே வேலையை விட்டேன். கடைசி நாள் ஸயாமா, "கோவிச்சுக்கிட்டுப் போறியா?" என்றார்.

"ஆமா, கோவிச்சுக்கிட்டுத்தான் போறேன்" என்றேன். அவர் மழுப்பலான பதிலை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அலோனில் படகுத்துறைப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் மேனேஜர், "கம்ப்யூட்டர் தெரியுமா, சனிக்கிழமை வருவியா?" என்று மட்டும் கேட்டார். என் தலையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. படியிறங்கும்போது அந்த மனிதருக்கு ஓடிப்போய் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. தலையை ஒருவர் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு நன்றி! என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோர் மேலும் இருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.