ஐ டிட் வெயிட்

மாலை விளக்கேற்றியதிலிருந்து இலை போடும்வரை எங்கள் வீட்டில் தமிழுக்கு அனுமதி இல்லை. அரசு அலுவலகத்தில் ஆங்கிலக் குறிப்பெழுதிப் பழகிய அப்பா, அன்றன்று நடந்ததை நானும் தங்கையும் ஆங்கிலத்தில், பிழையற்ற இறந்தகாலத்தில், ஒப்பிக்க வேண்டுமென்று விதித்திருந்தார். அந்நேரம் எங்கள் குடியிருப்பான ஸ்ரீவராகத்தின் பிற வீடுகளில் சகஸ்ரநாமம் கேட்கும். எங்கள் வீட்டில் ‘கோ, வென்ட், கான்’ கேட்கும்.

எனக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு. அவள் இடறியது ஒரே இடத்தில்தான். ‘டிட் நாட் வென்ட்’ என்பாள். பள்ளியில் மலையாளத்தில் ‘போயி’ என்ற இறந்தகாலத்தோடு ‘இல்ல’ சேர்த்து ‘போயில்ல’ என்று சொல்லிப் பழகியவளுக்கு, இல்லை என்ற பிறகும் போனது போனதாகவே நின்றது.

ஒரு நாள் அப்பாவே தம் விதியை மீறினார். “ஆத்துல ‘போகலை’ங்கறயோல்லியோ? அதுல ‘போனேன்’ எங்கேடி இருக்கு? அதே மாதிரிதான் இதுவும்.”

அவள் கண்கள் விரிந்தன. “அப்போ இங்கிலீஷ் நம்மாத்து பாஷையாப்பா?”

‘டிட்’ வந்தால் வினைச்சொல் பழையபடி ஆகிவிடும் என்ற சலுகை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றுமுதல் எல்லாவற்றுக்கும் அதையே போட்டாள். டிட் ஈட், டிட் ஸ்லீப்.

பள்ளி விட்டதும் அவளை வாசலிலிருந்து அழைத்துவருவது என் பொறுப்பு. ஒரு நாள் பந்து விளையாடப் போய் அதை மறந்தேன். மழை பிடித்துக்கொண்டது. விளக்கேற்றும் நேரத்தில், முழுக்க நனைந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, தனியாக வந்து நின்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் இலக்கணம் பிசகாமல் பொய் சொன்னேன்: “ஐ வென்ட் தேர். ஷி டிட் நாட் வெயிட்.”

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. “ஐ டிட் வெயிட்” என்றாள் அப்பாவிடம்.

அப்பா சிரித்துவிட்டார். “வெயிட்டட்னு சொல்லுடி, அசடு.”

“டிட் வெயிட்ப்பா.” இம்முறை ‘டிட்’டை அழுத்திச் சொன்னாள்.

நானும் உரக்கச் சிரித்தேன். என் பொய்யை அதன்பின் யாரும் விசாரிக்கவில்லை. ஈரத் தலையைத் துவட்டாமலே அவள் உட்கார்ந்து ‘வெயிட்டட்’ என்று பத்து முறை எழுதினாள்.

சொல்வதை எதிராளி நம்பாதபோது, ‘உண்மையாகவே’ என்று வலியுறுத்த ஆங்கிலத்தில் அந்த ‘டிட்’ உண்டு. கல்லூரியில் அதைப் படித்தேன். பிறகு முப்பது ஆண்டுகள் வகுப்புகளில் கற்பித்தேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சென்ற மாதம் அவள் போய்விட்டாள். கழக்கூட்டம் என்னும் புறநகரில் வேலை பார்க்கும் அவள் மகன், நண்பர்களுக்கு மரணச் செய்தி அனுப்ப ஆங்கிலத்தில் நான்கு வரி கேட்டான். வினைச்சொல் ஒன்றும் பிசகாமல் எழுதிக்கொடுத்தேன்.

அந்த மழைநாளில், பிழை அவளுடையது என்றே நான் நினைத்திருந்தேன்.