போலந்து மேசையில் ஒரு வெறும் தட்டு

போலந்தில் இயேசு பிறந்த நத்தாருக்கு முதல்நாள், வானத்தில் முதல் வெள்ளி தெரிந்த பிறகுதான் சாப்பாடாம். இன்று அங்கே வெள்ளி தெரிந்தபோது இங்கே மாம்புரியில் இரவு எட்டரை மணி. மகன் வீடியோவில் வந்தான்.

மேசை விரிப்புக்குக் கீழே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். இறைச்சி இல்லை, மீன்தான். மகன், மருமகள், அவளுடைய தாய் தகப்பன், நாலு பேர் தலையிலும் நான் பின்னி அனுப்பிய சிவப்புக் கம்பளித் தொப்பி. அதே நூலில் பின்னிய ஐந்தாவது தொப்பியை நான் போட்டிருந்தேன். மின்விசிறி சுற்றியும் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

அவர்கள் மேசையிலும் ஐந்தாவதாக ஒரு தட்டு இருந்தது. கதிரையில் ஆள் இல்லை.

"அது ஆருக்கு மகன்?" என்று கேட்டேன். எனக்காக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

"சொல்லாமக் கொள்ளாம வாற விருந்தாளிக்கு அம்மா. இங்க எல்லா வீட்டிலயும் ஒண்டு கூட வைப்பாங்க."

"அப்ப நான் ஒரு வருசம் சொல்லாம வந்து அதில இருக்கவா?"

அவன் சிரித்தான். "உங்களுக்கு விசா எடுக்கவே எத்தனை மாசம் போகும். சொல்லாம எப்பிடியம்மா வாறது?"

மீன் ஆறுகிறது என்றார்கள். நாலு தொப்பிகளும் கையசைத்தன.

பிறகு நானும் இரண்டாவது தட்டு ஒன்றை எடுத்து வைத்தேன். கணவாய்க் கறி இன்னும் சூடாக இருக்கிறது. தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

மாம்புரிக்கு வர விசா தேவையில்லை. ஆனால் "வாறன்" என்று இந்தப் பதிவுக்குக் கீழே எழுதிவிட்டு யாரும் வரக் கூடாது. சொல்லாமல் வந்தால்தான் அந்தத் தட்டு.