வெட்டின கட்டைக்கு வெள்ளை மண் பூசியவள்

சிட்டு, உன்னை இந்தப் பேரால் கூப்பிட இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஊருக்கு அவள் சிவகாமி. எனக்கு மூன்று வயது இளைய தங்கை. பதினாறாம் நாள் காரியத்தில் வாசிக்க ஏதாவது எழுதிக்கொடு என்று மகளிர் குழுப் பெண்கள் கேட்டார்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் எதையும் குறைக்கமாட்டேன்.

அன்று விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனியில், அச்சுக்குள் மண்கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். எப்போதும் சத்தம் போடும் மேஸ்திரி சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றார். "பாப்பாத்தி, அச்சைக் கீழ வெச்சிடு. ஊருல இருந்து போன் வந்துது. உன் தங்கச்சி..." காட்டில் விதை பொறுக்கப் போனவள், மாரடைப்பில், வீரை மரத்தடியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், கையில் மண் காய்ந்து வெடித்திருந்தது.

வாசலில் ஒருத்தி சொன்னாள்: "காடு காடுன்னு அலைஞ்சா. காடே அவள வாங்கிக்கிச்சு." அதற்குப் பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளை நீங்கள் யாரும் உட்காரச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் உட்கார இடம் கொடுத்தது அந்தக் காடுதான்.

அது அப்பா எங்கள் இரண்டு பேர் பேருக்கும் எழுதிவைத்த இரண்டு ஏக்கர். சுற்றிலும் முந்திரி, தைலமரம். நடுவில் இது மட்டும் வீரை, காரை, களா, வெப்பாலை என்று தானாக வந்த காடு. எங்கள் அண்ணனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "புதருக்கு எவளாவது வேலி கட்டுவாளா? அழிச்சிட்டு தைலமரம் போடு" என்பார். சிட்டு விடமாட்டாள். "உனக்கு மீசை மொளைச்சப்ப அப்பா சிரைச்சா தள்ளினாரு? வளரட்டும்னுதான விட்டாரு?" என்பாள்.

சொந்த நிலத்தில் நாட்டு மரம் வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு அரசாங்கம் கன்றும் உதவியும் தருகிறது என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். அவளுக்கு உதவிகூடப் பெரிதில்லை. அரசாங்கக் காகிதத்தில் ஒருமுறை காடு என்று ஏறிவிட்டால் அண்ணன் கை வைக்க யோசிப்பார், அவ்வளவுதான் வேண்டும். மனு கொடுத்தாள். அதிகாரி வந்து பார்த்தார்.

"ஏம்மா, இது நடுறதுக்கான திட்டம். இடம் காலியா இருக்கணும். இதைச் சுத்தம் பண்ணிட்டு வா, கன்னு தரோம்."

"வளந்த புள்ளையக் கொன்னுட்டு வா, புதுப் புள்ளைக்குப் பால் தரேன்றீங்களா சார்?"

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்த தப்பு என்னுடையது. மனு ஏறாவிட்டால் அண்ணன் மொத்தக் காட்டையும் அழித்துவிடுவார் என்று எனக்குப் பயம். கொஞ்சம் காலி இடம் காட்டினால் மனு ஏறும் என்று நினைத்தேன். அவள் சேத்தியாத்தோப்புப் பக்கம் நாற்று நடப் போயிருந்த நாளில், இரண்டு ஆளை வைத்துக் கிழக்கு ஓரத்தை வெட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தாள். மறுநாள் காலையில், "அக்கா, கம்பெனியில வீணாப்போற மண்ணு ஒரு மூட்ட கொண்டா" என்றாள். முருங்கையை வெட்டினால் வெட்டுவாயில் சாணி அப்புவோம் இல்லையா, அதுபோலச் சாணியையும் அந்த வெள்ளை மண்ணையும் குழைத்து ஒவ்வொரு கட்டைக்கும் பூசினாள்.

ஊர் சிரித்தது. "என்னாடி, கட்டைக்கெல்லாம் பவுடர் போட்டு வுட்ருக்க?"

"ஆமா, பொண்ணு பாக்க வராங்க. நீயும் வந்து பலகாரம் தின்னுட்டுப் போ."

ஐப்பசி மழையில் கட்டைகள் துளிர்த்தன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "வெட்டினது நீ. தண்ணி ஊத்தறதும் நீதான்" என்றாள். அதற்குப் பேர் மன்னிப்பா தண்டனையா, எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு கிடையாது.

அவள் மனு கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மனுவோடும் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பாள். கடைசியில் புது அதிகாரி ஒருத்தர் வந்தார். களா முள் சட்டையைக் கிழித்ததைக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தார். "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா நட்டது எத்தனை, தானா வந்தது எத்தனைன்னு காட்டணும். நட்டதைத்தான் என்னால எழுத முடியும்" என்று சொல்லி, திரும்ப வந்து எண்ணுவதற்கு ஒரு நாள் குறித்துக்கொடுத்தார். ஒவ்வொரு மழைக்கும் விதை பொறுக்கி, வெறிச்சென்று இருக்கும் இடத்தில் எல்லாம் ஊன்றியவள்தான். ஒன்றுக்கும் அடையாளம் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எதுக்குக்கா? அதுங்களே பிரிச்சுப் பாக்கல" என்றாள்.

அந்த நாள் வருவதற்குள் போய்விட்டாள்.

அவளை எடுக்கிற அன்று, சிதைக்கு விறகு வெட்ட, அண்ணன் ஆட்கள் கொடுவாளோடு காட்டுப் பக்கம் போனார்கள். "அவ மரம்தான, அவளுக்கே ஆவட்டும்." நான் வழியில் நின்றேன். "முந்திரி வெறகு வாங்கியாங்க. இல்லன்னா என்னையும் சேத்து வெட்டிட்டுப் போங்க" என்றேன். முந்திரி விறகில்தான் அவளை எரித்தோம். அவள் காட்டிலிருந்து ஒரு குச்சி எடுக்கவில்லை.

எட்டாம் நாளே அண்ணன் பத்திரக் காகிதத்தோடு வந்தார். "கையெழுத்து போடு பாப்பாத்தி. தைலமரம் வெச்சிட்டா உனக்கும் நிம்மதி." எனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது என் பேர் ஒன்றுதான் அண்ணா, அதை இந்தக் காகிதத்தில் எழுதமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். இங்கே உட்கார்ந்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் இன்னொரு தரம் சொல்கிறேன்: எழுதமாட்டேன்.

அவளுடையது என்று நான் எடுத்துக்கொண்டது விதை பொறுக்கும் மஞ்சள் பையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பையில் பாதி அளவுக்கு வீரை விதை இருக்கிறது. மழைக்கு ஊன்றிவிடுவேன்.

வருகிற திங்கட்கிழமை அதிகாரி எண்ண வருகிறார், சிட்டு. நட்டது எது, தானாக வந்தது எது என்று கேட்பார். வெட்டிய கட்டையில் துளிர்த்தது, குருவி போட்டுப் போனது, அப்பா காலத்திலிருந்து நிற்பது, எல்லாவற்றையும் கைகாட்டி, அத்தனையும் என் தங்கச்சி நட்டது சார் என்று சொல்லப்போகிறேன். அது பொய்யாகுமாடி?