எண்ணிக்கை ஒத்துப்போகாத தெரு

பொய் சொல்வதாக இருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பேன். நள்ளிரவு, நாய் ஊளை, வெள்ளைப் புடவை எல்லாம் வைத்திருப்பேன். இதில் அந்த வசதிகள் எதுவும் இல்லை. நடந்தது வெள்ளிக்கிழமை மாலை 5:40க்கு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி இதழின் ஆசிரியர் ஓர் இறுதியாண்டு அண்ணன். பட்டப்பெயர் அளவுகோல். "அருங்காட்சியகம், மணிக்கூண்டு எல்லாம் எழுதி எழுதித் தேஞ்சு போச்சு. சுற்றுலாக்காரன் கால் படாத தெருவா பாத்து வரைபடம் போடு" என்று நடுப்பக்கத்தை எனக்குக் கொடுத்தார். இரண்டு வருடம் துணுக்கு எழுதியே காலம் தள்ளியவனுக்கு முதல் நடுப்பக்கம். ஒரே நிபந்தனை. ஒவ்வொரு தெருவிலும் கதவுகளைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அச்சு. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குள் வராவிட்டால் பக்கம் கவிதைக்காரனுக்கு.

நான்கு தெரு முடிந்தது. கால் கெஞ்சியது. ஐந்தாவது, சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து. ஒரு பக்கம் வெறும் சுவர். மறுபக்கம் மட்டும் வீடுகள். பால்வாடிப் பிள்ளைகூட எண்ணிவிடும்.

கூட வந்தவன் வகுப்புத் தோழன் கொசு. உடம்புக்கு ஏற்ற பெயர். போகும்போது இருபத்து மூன்று. வரும்போது இருபத்து நான்கு.

"எண்ணக்கூட வராதாடா உனக்கு?" என்றேன்.

"வாய்விட்டு எண்ணினது நீ. நான் சும்மா துணைக்கு வந்தவன்."

5:52. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை சாக்பீஸ். நான் எண்ண எண்ண, ஒவ்வொரு கதவிலும் கொசு ஒரு கோடு போட்டான். எரிச்சலில் நான் மற்ற எதையும் கவனிக்கவில்லை. பாதித் தெருவில்தான் உறைத்தது. எந்த வாசலிலும் ஒரு ஜோடி செருப்பு இல்லை. மாலை நேரம்... ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை.

கடைசிக் கதவு. கோடு போட்டான். இருபத்து நான்கு.

"அப்பாடா" என்று விரலில் ஒட்டிய தூளை ஊதினான்.

6:07. திரும்பினோம்.

கோடு போட்ட கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு. கோடு இல்லாமல்.

கொசு ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. டக்... டக்... தாழ்ப்பாள் சத்தம்.

பிறகு ஒரு குரல். மிக மெதுவாக.

"ஒண்ணு..."

கொசு என் சட்டையைப் பிடித்தான்.

"ரெண்டு..."

நின்றுவிட்டது.

நாங்கள் இரண்டு பேர்.

ஓடினோம்.

காலையில் 'சுமார் 23' என்று எழுதிக் கொடுத்தேன். அளவுகோல் கொதித்துப்போனார். "சுமாரா? கதவு என்ன புளியங்கொட்டையா, சுமாரா எண்ண?" ஞாயிறன்று அவரே நேரில் போய்விட்டார். திங்களன்று இதழ் அறையில் எல்லார் முன்னாலும் எனக்கு அர்ச்சனை.

"இருபத்தஞ்சுடா! போகும்போதும் அதே, வரும்போதும் அதே. அங்கேயே உக்காந்திருக்க, எண்ணத் தெரியலையா?"

"யாருண்ணே உக்காந்திருந்தது?"

"நடிக்காத. கடைசி ரெண்டு வீடு. ஒண்ணுல நீ, ஒண்ணுல கொசு. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

ஞாயிறு முழுவதும் நான் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி கிடந்தேன். கொசு பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

சொன்னேன். யாரும் நம்பவில்லை. 25 என்றே அச்சானது.

வியாழக்கிழமை காலை 11:15. முதலாண்டு மாணவி ஒருத்தி இதழோடு வந்தாள்.

"அண்ணா, உங்க வரைபடத்தை வச்சுக்கிட்டு நேத்து நானும் எங்க அப்பாவும் போனோம். தப்பா போட்டிருக்கீங்க. இருபத்தாறு."

அளவுகோல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நானே எண்ணினேன்மா! இருபத்தஞ்சுதான்!"

"கடைசி வீட்ல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

அவள் அளவுகோலின் முகத்தையே பார்த்துக்கொண்டு... ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள்.