பச்சைக் கோடும் கோணல் சுவர்களும்

டைல்ஸ் பதிக்கிறவன் தொழில் என்பது, யாரோ கோணலாகக் கட்டிவிட்டுப் போன சுவருக்கு நாம் நின்று பதில் சொல்வது. இதைப் படிக்கிற மேசன்மார் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். வீடு கட்டிப் பார்த்தவர்களும் விடலாம்.

நான் கட்டார் நாட்டில் ஆறு வருடம் டைல்ஸ் பதித்தவன். லீவில் வந்தபோது சின்ன மகள் என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். வாப்பா என்று கூப்பிட அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. மோட்டார் சைக்கிளை விற்றுப் பச்சை லேசர் மட்டம் ஒன்று வாங்கினேன். சுவரில் படுக்கையாக ஒரு கோடும் நெட்டாக ஒரு கோடும் போடுகிற சின்னப் பெட்டி. நோன்பு தொடங்குவதற்குள் கல்முனைப் பக்கம் பேரெடுத்தால் ஊரோடு இருப்பது, இல்லாவிட்டால் மறுபடி விமானம் ஏறுவது என்று மனைவியும் நானும் பேசி முடித்தோம்.

ஏன் பச்சை?

முதல் வேலை நிந்தவூரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில். பெட்டியை வைத்து அழுத்தியதும் ஹோல் முழுக்கக் கோடு ஓடியது. போன தடவை வந்த மேசன் சிவப்புக் கோடுதானே போட்டார், இது ஏன் பச்சை என்று ஆசிரியர் கேட்டார். நம் கண்ணுக்குச் சிவப்பை விடப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், ஜன்னலால் வெயில் வந்தால் சிவப்புக் கோட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து பாருங்க, நம்மட ஆக்களுக்கெண்டே பச்சையில செஞ்சி அனுப்பியிரிக்கானுகள்."

ஏசி

அடுத்தது கல்முனையில் ஒரு புடவைக்கடை. ஏசியை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார்கள். கோடு மங்கி மங்கி எரிந்தது. என்னுடையது மலிவுப் பெட்டி. அதற்குள் முதலில் உண்டாவது பச்சையே அல்ல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அது ஒரு படிகத்தைத் தாண்டி, அடுத்த படிகத்தில் அலைநீளம் பாதியாகி, பச்சையாக வெளியே வருகிறது. விலை கூடிய பெட்டிகளில் பச்சை நேரடியாகவே பிறக்கும். என்னுடையதற்குக் குளிர் பட்டால் சூடேறும் வரை சோம்பல்.

ஏசியை நிறுத்தச் சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"உள்ளுக்கு ஒரு நிறம், வெளிய ஒரு நிறம். இத எலக்சன்ல நிப்பாட்டினா வெல்லும் தம்பி."

பொத்துவில் பேனா

அரிசி ஆலைக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வேலை. அவர் பொத்துவிலில் வாங்கிய பச்சை லேசர் பேனா ஒன்றை எடுத்து வந்தார். வயலில் குருவி விரட்டவாம். "ஒங்கட பெட்டிய விட இது தூரம் போகும்" என்று பொத்தானை அழுத்தினார். ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்த புள்ளி, எனக்கு உதவிக்கு வந்திருந்த மச்சானின் மூக்கில் வந்து நின்றது. ஒரு விரல் மேலே போயிருந்தால் கண்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெட்டியின் வெளிச்சம் பலம் குறைந்தது, அதுவும் கோடாகப் பரவிவிடும். அதையே நான் உற்றுப் பார்க்க விடுவதில்லை. இந்தப் பேனா முழுப் பலத்தையும் ஒரே புள்ளியில் இறக்கும். மலிவுப் பேனாக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியும் இருக்காது. தெரியாத வெளிச்சத்துக்குக் கண் சிமிட்டாது, உள்ளே விழித்திரை வெந்தபிறகுதான் விஷயம் தெரியவரும் என்று படபடவென்று சொன்னேன். ஆலைக்காரர் பேனாவைப் பையில் போட்டார்.

"அப்ப இத பேரனுக்குக் குடுக்கப்படா. மருமகனுக்குக் குடுப்பம்."

கண்ணாடி

சாய்ந்தமருதில் ஒரு குளியலறை. சாய்த்து வைத்திருந்த முகக்கண்ணாடியில் பச்சைக் கோடு பட்டு எதிர்ச்சுவரில் இரண்டாவது கோடு ஒன்று விழுந்திருந்தது. நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் மச்சான் அந்தப் பொய்க் கோட்டைப் பிடித்து ஒரு வரிசை பதித்து முடித்துவிட்டான். டைல்ஸ் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார மாமி வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணி ஓடத் தரைக்குத்தான் சரிவு வேணும் மகன். செவருக்கு என்னத்துக்கு?"

கிப்லா

இந்தக் கதை எனக்கு முன்பே பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில் எங்கள் குறிச்சிப் பள்ளிவாசலில் கூப்பிட்டார்கள். மற்ற மேசன்மார் யாரும் கிடைக்காததால்தான். தொழுகை வரிசைகளுக்குக் கோடு வைத்துப் புது டைல்ஸ் பதிக்க வேண்டும். மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பெட்டி காட்டுமா என்று பள்ளித் தலைவர் கேட்டார். இது நேரைத்தான் காட்டும், திசையை மௌலவிதான் சொல்ல வேண்டும் என்றேன்.

மௌலவி திசைகாட்டியை வைத்துத் திசை சொன்னார். அதற்குக் குறுக்காக வரிசைக்குக் கோட்டை விட்டேன். ஒரு மூலையில் முன்சுவரைத் தொட்ட கோடு மறுமூலையில் ஒரு சாண் விலகி நின்றது. இத்தனை காலமும் தரையில் விரித்த பாய் அதை மறைத்திருந்தது. தலைவருக்கு முகம் மாறிவிட்டது. அந்தச் சுவர் அவருடைய வாப்பா கட்டியது. "பாத்ரூம் டைல்ஸக் கூரைக்கு ஏத்தின பெட்டிதானே, செவர ஒட்டியே பதிங்க" என்றார்.

ஓம் என்றால் வேலை கிடைக்கும். இல்லையென்றால் கட்டார். ஆனாலும் பிழை என்று தெரிந்த கோட்டில் பதிக்கக் கை வரவில்லை. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். மௌலவி தலைவர் பக்கம் திரும்பினார்.

"செவரு ஒங்கட வாப்பா கட்டினது. கிப்லா அவர் கட்டினதில்ல. தம்பி, பெட்டிய வைங்க."

பள்ளி வேலையில் பேரெடுத்து, கட்டார் போகாமல் தப்பினேன். ஆனால் இப்போது என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் டைல்ஸ் பதிக்க அல்ல, பக்கத்து வீட்டு மதில் தங்கள் வளவுக்குள் எத்தனை விரல் வந்திருக்கிறது என்று பச்சைக் கோடு போட்டுப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள்.