ஏர்த் வயரில் வந்த குரல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கட்டடங்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை, கோடு நேராக இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் உலகம், அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சண்டைக் காலம். வடக்குப் பாதையைப் பூட்டியபோது மனைவி வசந்தியும் மகளும் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுவிட்டார்கள். நான் கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், புஷ்பம் அக்கா வீட்டின் பின்னால் இருந்த அனெக்ஸில் வாடகைக்குத் தனியாக இருந்தேன். கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கொட்டாஞ்சேனை நண்பன் அன்ரன் வெளிநாடு போகும்போது தன் அம்ப்ளிபையர், ரெக்கோர்ட் பிளேயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுப் போனான், அதுதான் துணை.

ஆனால் பாட்டுக்குக் கீழே எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பிளேயரின் ஏர்த் வயரை அம்ப்ளிபையரில் இறுக்கிப் பார்த்தேன், குறைந்தது, போகவில்லை. பெட்டியைத் தொட்டால் விரல் நுனி கூசியது. சுவர் பிளக்கைக் கழற்றினால் ஏர்த் துவாரத்தின் பின்னால் வயரே இல்லை. சரி என்று ஒரு செப்புக் கம்பியைப் பின் வளவில் ஆழமாக அடித்து இறக்கி, அதிலிருந்து ஒரு பச்சை வயரை ஜன்னலால் இழுத்து அம்ப்ளிபையரில் பூட்டினேன். இரைச்சல் நின்றுவிட்டது, அறை இருந்த அமைதியில் கடல் கேட்டது.

அடுத்த நாள் பின்னேரம் வேலையால் வந்து சுவிட்சைப் போட்டேன், இசைத்தட்டு இன்னும் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பெண், பக்கத்து அறையில் நின்று கதைப்பது போல்:

"வந்திட்டீங்களே? கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ."

வசந்தியின் குரல். கதவும் திறந்துதான் கிடந்தது.

நீளமான வயர் சில வேளை ஏரியல் மாதிரி ரேடியோவைப் பிடிக்கும், அது எனக்கும் தெரியும், ஏதோ நாடகம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதே வசனம். வயரைக் கழற்றினால் இரைச்சல், பூட்டினால் அவள். நம்பினால் நம்புங்கள், பயம் வரவில்லை. "ஓம், சாத்திட்டன்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன், பிறகு ஒபிஸில் நடந்ததைச் சொன்னேன், பிறகு யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் புஷ்பம் அக்கா வாசலில் நின்றார்.

"தம்பி, உங்கட அறையில ஒரு பொம்பிளை கதைக்கிற சத்தம் கேக்குது. பொலிசில பேர் பதியாத ஆள் எண்டா என்னையும் சேர்த்துத்தான் ஜீப்பில ஏத்துவாங்கள்."

"ரேடியோ அக்கா."

"ரேடியோவோட நீங்கள் ஏன் கதைக்கிறியள்?"



அந்தக் கிழமையே பொலிஸ் வந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. நிலத்தில் கம்பி, ஜன்னலால் வயர், தனியாக இருக்கிற தமிழன், அந்த நாளில் வேறு என்ன நினைப்பார்கள்? இரண்டு பேர் வெளியே நிற்க, வயதான சார்ஜன்ட் ஒருவர் உள்ளே வந்து வயரைக் காட்டி, "மேக்க மொகட்டத?" என்றார். இது எதற்கு என்று கேட்கிறார். இரைச்சலை நிறுத்துவதற்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். போட்டுக் காட்டச் சொன்னார். சுவிட்சைப் போட்டேன்.

அவள் அதையேதான் சொன்னாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சார்ஜன்ட் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. "சேர், உங்களுக்கு என்ன கேட்டது?" என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டேன்.

"அம்மா," என்றார். "புதா, கதவை மூடு என்று சொன்னா." சிங்களத்தில் புதா என்றால் மகன்.

"அம்மா எங்கே இருக்கிறா?"

"செத்துப் போனா. நான் ட்ரெயினிங்கில் நின்றபோது."

பிறகு, இந்த வயரை இன்றைக்கே கழற்று, வேறு யாராவது வந்தால் உன்னை இப்படி விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றினேன். கம்பியையும் பிடுங்கினேன், சாதாரணக் கம்பி, ஈர மண். ஆனால் அன்றிலிருந்து நித்திரை போய்விட்டது. அவருக்குக் கேட்டது செத்தவரின் குரல் என்றால் எனக்குக் கேட்டது? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. மறுபடி வயரைப் பூட்டி அவளையே கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், துணிவு வரவில்லை.

பல மாதம் கழித்துப் பயண அனுமதிப் பாஸ் கிடைத்து வசந்தி வந்தாள். கோட்டை ஸ்டேஷனில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, என்னைப் பார்த்து, "என்னப்பா, இப்பிடி இளைச்சுப் போனீங்கள்" என்றாள்.

உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அந்தக் குரல் இல்லை. வசந்தியின் குரல் மெல்லியது, கொஞ்சம் கரகரப்பு. நான் அதை மறந்தே போயிருக்கிறேன்.

இப்போதும் வசந்தி மகள் வீட்டில் போய் நிற்கிற நாட்களில் அவளை நினைத்தால் முகம் சரியாகத்தான் வருகிறது. அந்த முகம் கதைக்கும்போது மட்டும் மற்றவளின் குரல் வருகிறது.